எழுத்தெண்ணிய கட்டடக் கலைஞர்

(இரண்டாமாண்டு பி.எஸ்ஸி. மாணவர்)

ஆழ்ந்து கற்றவரை 'எழுத்தெண்ணிப் படித்தவர்' என்று புகழ்வது நம் வழக்கம். உண்மையாகவே எழுத்துகளை ஒவ்வொன்றாக எண்ணி, அதனாலேயே உலகப் புகழ் பெற்றவர் ஒருவர் உண்டு. அவரே ஸ்கிராபிள் என்னும் சொற்கட்டை ஆட்டத்தைக் கண்ட ஆல்பிரட் மோஷர் பட்ஸ்.

அமெரிக்காவில் நியூயார்க் மாநிலத்துப் பொகீப்ஸி என்னும் ஊரில் 1899ஆம் ஆண்டு ஏப்ரல் 13ஆம் நாள் பட்ஸ் பிறந்தார். பென்சில்வேனியா பல்கலைக்கழகத்தில் கட்டடக்கலை பயின்று 1924இல் பட்டம் பெற்றார். வேலையும் கிடைத்தது. ஆனால் 1929இல் தொடங்கிய பொருளாதார வீழ்ச்சியில் கட்டட வேலைகள் நின்றன. 1931இல் பட்ஸ் வேலையிழந்தார்.

வேலையற்றவர் கையில் மிஞ்சியிருப்பது பொழுதுதான். அப்பொழுதை அவர் வீணாக்கவில்லை. அறிவும் அதிர்ஷ்டமும் சம அளவில் கலந்த ஓர் ஆட்டத்தை அமைக்க எண்ணினார். எந்த எழுத்து எத்தனை முறை வருகிறது என்று நியூயார்க் டைம்ஸ் நாளிதழின் முதற்பக்கங்களை விரித்து வைத்துக்கொண்டு எண்ணினார். அடிக்கடி வரும் 'ஈ' எழுத்துக்கு 12 கட்டைகள். அரிதான 'க்யூ'வுக்கு ஒன்றே, அதற்குப் 10 புள்ளிகள். 'எஸ்' சேர்த்தால் ஒருமை எளிதாகப் பன்மையாகிவிடும் என்பதால் அதை நான்கோடு நிறுத்தினார். மொத்தம் 100 கட்டைகள். புள்ளியியல் பயில்வோர்க்கு இதைவிட நல்ல பாடம் ஏது?

முதலில் பலகையில்லாத ஆட்டமாக இருந்தது, 1938இல் 15க்கு 15 கட்டங்கள் கொண்ட பலகையைப் பெற்றது. கட்டட வரைபடம் எடுக்கும் முறையிலேயே எழுத்துகளை அச்சிட்டு, மரத்துண்டுகளில் ஒட்டித் தம் கையாலேயே பெட்டிகள் செய்தார். விளையாட்டுப் பொருள் நிறுவனங்களோ அதை ஏற்க மறுத்தன.

1948இல் ஜேம்ஸ் புருனோ என்பவர் பெட்டி ஒன்றுக்கு ஒரு சிறு பங்கு தருவதாக உரிமை பெற்று, 'ஸ்கிராபிள்' என்று பெயரிட்டார். ஒரு பழைய பள்ளிக்கூடத்தில் தயாரிப்பு நடந்தது. 1949இல் ஏறத்தாழ 2,400 பெட்டிகள் செய்தும் 450 டாலர் நட்டமே! ஆயினும் மனந்தளரவில்லை. 1952இல் விற்பனை பெருகியது. 1954இல் 40 லட்சத்தை நெருங்கியது. பட்ஸோ தம் கட்டடத் தொழிலையே தொடர்ந்தார்.

வியப்பான செய்தி ஒன்று: பட்ஸ் எழுத்துப் பிழை மிகுதியாக விடுபவராம்! முன்பு அவருக்குப் பள்ளி ஆசிரியையாக இருந்து, பின் மனைவியான நீனாவே ஆட்டத்தில் அவரை வெல்வாராம்.

இதை அறிந்தபோது எனக்கு ஏற்பட்ட ஆறுதல் சொல்லி முடியாது. எங்கள் குடும்பத்தில் கல்லூரிப் படியேறிய முதல் ஆள் நான். ஆங்கில வகுப்பில் எழுந்து நின்றாலே கால் நடுங்கும். விடுதியில் நண்பர்கள் இந்த ஆட்டத்தை விரைவாட்டமாக ஆடுவர். கைக்கடிகாரத்தில் ஒரு நிமிடம் முடிவதற்குள் சொல் வைத்தாக வேண்டும். அச்சப்பட நேரமேது? ஓரிரவு கடைசி நொடியில் கையிலிருந்த 'க்யூ'வைக் கொண்டு, அமைதி என்று பொருள்படும் 'கொயட்' என்ற சொல்லை வைத்தேன். அறையில் எழுந்த கூச்சலில் வார்டனே வந்துவிட்டார்! அன்றிலிருந்து ஆங்கிலம் எனக்கு அந்நியமாகத் தோன்றவில்லை.

1993ஆம் ஆண்டு ஏப்ரல் 4ஆம் நாள், தம் 93ஆம் வயதில் பட்ஸ் மறைந்தார். நண்பர்களே! பட்டம் பெற்ற பின் நம்மில் சிலருக்கு வேலை தாமதமாகலாம். அந்நாளில் பட்ஸை நினைப்போம். கைக்கு வந்த எழுத்துகள் எவையாயினும், அவற்றைக் கொண்டு ஒரு சொல் அமைக்க முயல்வோம்!