இருமுறை அடைக்கப்பட்ட கதவு

பத்திரிகை ஆசிரியரான விக்டர் பேர்கர், இரு பெரும் கட்சிகளையும் தோற்கடித்து, 1910 இல் மில்வோக்கியிலிருந்து அமெரிக்கக் காங்கிரஸுக்குத் தெரிவான முதலாவது சோஷலிசவாதியானார். முதலாம் உலகப் போரை எதிர்த்து எழுதியமைக்காக 1919 இல் அவருக்கு 20 ஆண்டுச் சிறைத்தண்டனை விதிக்கப்பட்டது. மேன்முறையீடு நிலுவையிலிருக்கையிலேயே, 1918 இல் மக்கள் அளித்த ஆசனத்தைப் பிரதிநிதிகள் சபை அவருக்கு மறுத்தது. டிசம்பர் இடைத்தேர்தலில், வழமையில் கீரியும் பாம்புமாக நிற்கும் இரு கட்சிகளும் ஒரே வேட்பாளரின் பின்னால் அணிதிரண்டன. பேர்கரே வென்றார். 1920 ஜனவரியில் சபை மீண்டும் கதவடைத்தது. எஞ்சிய பதவிக்காலம் முழுவதும் ஆசனம் வெறுமையாகவே கிடந்தது. தண்டனை வாக்காளருக்கும் சேர்த்தே விதிக்கப்பட்டதாக நாம் கருதுகின்றோம். 1921 இல் உயர் நீதிமன்றம் தீர்ப்பை ரத்துச் செய்தது. விசாரித்த நீதிபதியின் பக்கச்சார்பே காரணம். 1922 இல் மீண்டும் வென்றவர், இம்முறை சபையில் அமர்ந்தார். 1929 இல் ட்ராம் வண்டி மோதியதில் காயமடைந்து காலமானார்.