பிடில் மேதை துவாரம் வேங்கடசாமி நாயுடு

கருநாடக இசையரங்கிலே பிடில் வந்து சேர்ந்து ஏறத்தாழ இரண்டு நூற்றாண்டுகளாகின்றன. முத்துசாமி தீட்சிதரின் இளவலாகிய பாலுசாமி தீட்சிதர் அதனை மேனாட்டாரிடம் கற்று நம் இசைக்கு உரியதாக்கினார். தஞ்சை நால்வருள் ஒருவராகிய வடிவேலு, சுவாதித் திருநாள் மன்னரின் அவையிலே அதனை ஒளிரச் செய்தார். மேனாட்டில் நின்று கொண்டு மோவாயின் கீழ் ஏந்தி வாசிக்கும் கருவி, இங்கே சம்மணமிட்டு அமர்ந்தவரின் மார்புக்கும் கணுக்காலுக்கும் இடையே அடங்கி நின்றது. விருந்தாக வந்தது வீட்டுப் பிள்ளையாயிற்று. ஆயினும் அரங்கில் அதற்கு வாய்த்த இடம் பாடகரின் பக்கமே. அதனை அரங்கின் நடுவே கொணர்ந்து அமர்த்திய முன்னோடிகளுள் தலையாயவர் துவாரம் வேங்கடசாமி நாயுடு ஆவார்.

1893ஆம் ஆண்டு நவம்பர்த் திங்கள் 8ஆம் நாள், தீபாவளித் திருநாளன்று, பெங்களூரில் அவர் பிறந்தார். தந்தையார் படைத்துறையில் பணியாற்றியவர். குடும்பம் பின்னர் விசாகப்பட்டினத்திற் குடியேறியது. தமையனார் வேங்கடகிருஷ்ணய்யாவே அவருக்குப் பிடிலின் முதற்பாடங்களைக் கற்பித்தார். இளமையிலேயே கண்பார்வை குன்றியிருந்தமையால் பள்ளிப் படிப்பு தொடரவில்லை. கரும்பலகையைக் காணவியலாத சிறுவனுக்குக் கல்விக்கூடத்தின் கதவு மூடியது. ஆனால் செவியின் வழியே வேறொரு கல்வி விரிந்தது. ஏட்டை நம்ப இயலாதவர், ஒவ்வொரு சுரத்தையும் உள்ளத்திலேயே எழுதிக்கொண்டார்.

1919இல் ஆந்திர நாட்டு விஜயநகரத்தில் மகாராஜா சங்கீதக் கல்லூரி தோன்றியது. ஹரிகதை வல்லுநர் ஆதிபட்ல நாராயணதாசர் அதன் முதல் தலைவர். அங்கே மாணவராகச் சேரக் கருதி வந்த நாயுடுவின் வாசிப்பைக் கேட்டதும், அவரை ஆசிரியராகவே அமர்த்தினர் என்பர். அப்போது அவருக்கு வயது 26. பள்ளி கைவிட்ட பிள்ளை, கல்லூரியிலே பேராசிரியரானார். 1936இல் அக்கல்லூரியின் தலைமைப் பொறுப்பையும் ஏற்றார்.

அவருடைய வாசிப்பின் தனிச்சிறப்பு வில்லிலே இருந்தது. வில்லின் முழு நீளத்தையும் பயன்படுத்தி, நாதம் அறுபடாமல் ஓடச் செய்வார். அழுத்தத்தைக் கூட்டியும் குறைத்தும் ஒரே சுரத்துக்குள் ஒளியும் நிழலும் காட்டுவார். மேனாட்டுப் பிடில் மேதைகளின் இசைத்தட்டுகளை ஆர்வத்தோடு கேட்டு, அவர்தம் வில்லாட்சியின் நயத்தை உணர்ந்தவர் அவர். ஆயினும் அந்நயத்தை நம் கமகத்துக்கு ஏவல் செய்ய வைத்தாரேயன்றி, கமகத்தை அதற்கு அடிமையாக்கினாரல்லர். அவர் காலத்தவராகிய மைசூர் சௌடய்யா, ஒலி போதாமையைத் தீர்க்க ஏழு தந்திப் பிடிலை அமைத்தார். நாயுடுவோ நான்கு தந்திகளோடு நின்று, ஒலியின் பெருமையை விட அதன் தூய்மையையே நாடினார்.

1938இல் வேலூரிலே அவர் தனிக் கச்சேரி நிகழ்த்தினார். பாடகர் இல்லாமல் பிடில் தானே தலைமை தாங்கி ஒரு கச்சேரியை முழுதும் நடத்துவது அந்நாளில் புதுமை. சாகித்தியச் சொற்களைக் கேளாமல் அவையோர் நிறைவு பெறுவரோ என்ற ஐயத்துக்கு, அவரது வில் விடை கூறியது. அவ்வாண்டு சூன் திங்களிலேதான் சென்னை வானொலி நிலையமும் தொடங்கியது. வாசிப்பவரின் முகத்தைக் காணாமல் நாதத்தை மட்டும் கேட்கும் கருவி வானொலி. காட்சியால் அன்றிக் கேள்வியால் உலகை அறிந்த கலைஞருக்கு, அதனினும் ஏற்ற அரங்கு யாது?

தொடக்க காலத்து வானொலி நிகழ்ச்சிகள் பெரும்பாலும் நேரடியாகவே ஒலிபரப்பாயின. வாசித்த கணமே காற்றிற் கலந்து மறைந்தவை எத்தனையோ! ஒலிநாடாக்கள் பரவிய பின்னரே சில தங்கின. அவ்வாறு எஞ்சிய வானொலிப் பதிவுகளும் பழைய இசைத்தட்டுகளுமே இன்று அவருடைய வில்லை நமக்குக் காட்டும் சான்றுகள். இசைத்தட்டின் ஒரு பக்கம் மூன்று நிமிடத்தைச் சிறிதே கடக்கும். இராகம் கால்நீட்டி அமர அங்கே இடமில்லை. வானொலிப் பதிவிலோ ஆலாபனை அவசரமின்றி அடியெடுத்து நடக்கிறது. ஒரு கலைஞரின் சிந்தனை எவ்வழியிற் சென்றது என்பதை அறிய விரும்பும் மாணவர்க்கு இவையே பாடநூல்.

பெருமைகள் அவரைத் தேடி வந்தன. 1941இல் சென்னை மியூசிக் அகாதெமி சங்கீத கலாநிதிப் பட்டம் அளித்தது. 1953இல் சங்கீத நாடக அகாதெமி விருதும் 1957இல் பத்மஸ்ரீ விருதும் கிட்டின. 1952இல் இந்தியாவுக்கு வந்த உலகப் புகழ் பிடில் மேதை யெகுதி மெனுகின், நாயுடுவின் வாசிப்பைக் கேட்டு வியந்தார். அவருடைய மகன் பாவநாராயண ராவும் மகள் மங்கத்தாயாரும் அவ்வழியே பிடிற்கலையைத் தொடர்ந்தனர். 1964 நவம்பர் 25ஆம் நாள் அவர் மறைந்தார்.

சபைகளும் மார்கழிக் கச்சேரிகளும் நகரத்தார்க்கு எளிது. இலங்கையின் மிக உயர்ந்த இரயில் நிலையமாகிய பட்டிப்பொலவின் அருகே, தேயிலை மலைகளுக்கிடையே படிக்கும் பிள்ளைக்கு அவை எட்டா. ஆனால் பாதுகாக்கப்பெற்ற பதிவு ஒன்று கடலையும் மலையையும் கடந்து அப்பிள்ளையை வந்தடையும். நாடா நைந்து நாதம் அழியுமாயின், இழப்பு முதலில் இத்தகைய பிள்ளைகளுக்கே. ஆகவே ஒலிச்சுவடிகளைக் காப்பதும், பள்ளிகளிலே அவற்றை ஒலிக்கச் செய்வதும் ஆசிரியர்தம் கடமைகளுள் ஒன்றாகும். கண்ணொளி குன்றியும் செவியையே ஆசானாகக் கொண்டு உயர்ந்த ஒருவருடைய வாழ்வுக்கு, அதனினும் தகுந்த நினைவுச் சின்னம் வேறில்லை.