ரூ.2,000-க்கு கார்... ஜி.டி.நாயுடுவின் முயற்சி ஏன் நின்றது?

நாகர்கோவிலில் இருந்து பேச்சிப்பாறை சுமார் 40 கி.மீ. எலெக்ட்ரிக் காரில் அணையைப் பார்த்துவிட்டு வந்துவிடலாம், சார்ஜ் பற்றிப் பெரிய கவலை வேண்டாம். அணைக்கு மேலே மலையில் கோதையாறு நீர்மின் நிலையங்களும் இருக்கின்றன. மின்சாரம் பக்கத்திலேயே பிறக்கிறது. ஆனால் கார்? அதற்குப் பல லட்சம் வேண்டும். மாதச் சம்பளக்காரர் இஎம்ஐ கணக்கு போட்டுப் பார்த்துவிட்டு, அடுத்த வருஷம் பார்த்துக்கலாம் என்று தள்ளிவைப்பது இங்கேதான்.

சாமானியர் வாங்கும் விலையில் கார் என்ற யோசனையை 1952-லேயே செய்து காட்டியவர் கோவை ஜி.டி.நாயுடு.

1893 மார்ச் 23-ல் கலங்கல் கிராமத்தில் பிறந்த கோபால்சாமி துரைசாமி நாயுடுவுக்குப் பள்ளிக்கூடம் ஒத்துவரவில்லை. சில வகுப்புகளோடு படிப்பு முடிந்தது. ஊருக்கு வந்த ஒரு வெள்ளைக்கார அதிகாரியின் ‘ரட்ஜ்’ மோட்டார் சைக்கிள்தான் அவரை மாற்றியது. அது எப்படி ஓடுகிறது என்று தெரிந்தே ஆக வேண்டும். கோவைக்குப் போய் ஹோட்டலில் சர்வராகச் சேர்ந்தார். காசு சேர்த்து அதே வண்டியை விலைக்கு வாங்கினார். ஓட்டுவதற்கு அல்ல, அக்கக்காகக் கழற்றி, மறுபடி மாட்டிப் பார்ப்பதற்கு!

1920-ல் பொள்ளாச்சி - பழநி இடையே ஒரே ஒரு பஸ். அதை அவரே ஓட்டினார். அந்த ஒரு பஸ் ‘யுனிவர்சல் மோட்டார் சர்வீஸ்’ என்ற பெரிய நிறுவனமாக வளர்ந்தது.

இனிதான் சுவாரஸ்யம். எலெக்ட்ரிக் கார் என்றால் அடிப்படையில் என்ன? பேட்டரி கொடுக்கும் மின்சாரத்தில் மோட்டார் சுழல்கிறது, சக்கரம் உருள்கிறது. 1937-ல் பாலசுந்தரம் நாயுடுவோடு சேர்ந்து அவர் உருவாக்கிய மின்மோட்டார், இந்தியாவில் தயாரான முதல் மோட்டார் என்று சொல்லப்படுகிறது. சிறிய பேட்டரியில் மோட்டார் ஓடும் ‘ரேசன்ட்’ ஷேவிங் ரேஸரும் அவருடையதுதான். அது ஜெர்மனியில் தயாரானது. ஆக, மோட்டார், பேட்டரி, வாகனம் மூன்றிலும் கை வைத்த மனிதர். மூன்றையும் ஒன்றாகச் சேர்க்கும் காலம் அப்போது வரவில்லை. 1952-ல் வெளிவந்த அவருடைய இரண்டு சீட் கார் பெட்ரோலில்தான் ஓடியது.

விலை ரூ.2,000!

பிறகு ஏன் அது தெருவுக்கு வரவில்லை? இன்ஜின் கோளாறு காரணமல்ல, லைசென்ஸ் கிடைக்கவில்லை. தொழில்கள் (வளர்ச்சி, ஒழுங்குமுறை) சட்டம் 1951-ல் வந்திருந்தது. முக்கியமான தொழில்களில் புது ஆலை தொடங்க மத்திய அரசின் உரிமம் வேண்டும். அந்தப் பட்டியலில் வாகனங்களும் உண்டு. இந்துஸ்தான் மோட்டார்ஸ், பிரீமியர் போன்றவை ஏற்கெனவே களத்தில் இருந்தன. நாயுடுவின் காருக்கு அரசு அனுமதி மறுத்தது. தயாரிப்பு நின்றுபோனது.

கோபம் இல்லாமல் இருந்திருக்காது. ஆனாலும் அவர் ஓயவில்லை. தொழிற்கல்விக்கு ஏற்கெனவே அள்ளிக் கொடுத்தவர்; 1945-ல் கோவையில் ஆர்தர் ஹோப் பாலிடெக்னிக் உருவானதற்குப் பின்னால் இருந்தவர் அவர்தான். பருத்தி, பப்பாளி என்று விவசாயத்திலும் சோதனை செய்துகொண்டே இருந்தார். 1974 ஜனவரி 4-ல் காலமானார்.

2025 அக்டோபரில் கோவை அவிநாசி சாலையில் திறக்கப்பட்ட 10.1 கி.மீ. மேம்பாலத்துக்கு ஜி.டி.நாயுடு பெயர்தான். எலெக்ட்ரிக் கார்கள் இப்போது அதன் மேல் சத்தமே இல்லாமல் போகின்றன. அதில் எதுவும் ரூ.2,000 இல்லை.