சிங்காரவேலர் நின்ற கரை

நெடுந்தீவிலிருந்து சென்னை சென்ற யான், வரலாற்று நடையொன்றில் வழிகாட்டியார் பின்னே திருவல்லிக்கேணிக் கடற்கரையை அடைந்தேன். ம. சிங்காரவேலர் 1860 பெப்ரவரி 18ஆம் நாள் சென்னை மீனவர் குடியிற் பிறந்தார், உயர்நீதிமன்ற வழக்கறிஞரானார், 1921இல் ஒத்துழையாமை இயக்கத்தின்பொருட்டு அத்தொழிலைத் துறந்தார். 1923 மே முதல் நாள், இக்கரையிலும் உயர்நீதிமன்றத்துக்கு எதிரேயுள்ள கரையிலும் இந்தியாவின் முதல் மே தின விழாவை நடத்தினார். தாம் வழக்காடிய மன்றத்தின் எதிரிலேயே உழைப்போர் வழக்கை ஊரறிய எடுத்துரைத்தமை சிந்திக்கத்தக்கது.

1925இற் கான்பூரிற் கூடிய பொதுவுடைமை மாநாட்டிற்குத் தலைமை தாங்கினார். 1928இல், தம் அறுபத்தெட்டாம் அகவையில், தென்னிந்திய ரயில்வே வேலைநிறுத்தத்தில் முன்னின்று சிறை புகுந்தார். 1946 பெப்ரவரி 11ஆம் நாள் மறைந்தார்.

வலைஞர் குடியிற் பிறந்து, இல்லத்திற் பெருநூலகம் அமைத்து, கற்றதனைத்தையும் உழைப்போர்க்கே ஈந்தவர் அவர். கல்வி யாருக்காக என்னும் வினாவிற்கு அவர் வாழ்வே விடை. கடல்சூழ்ந்த எம் தீவின் மாணவர் அதனை அறிதல் வேண்டும்.