அச்சோவியங்களுக்கு அருங்காட்சியகத்தில் இடம் பெற்றுத் தந்த சில்வெஸ்டர் கோஹ்லர்

அமெரிக்காவின் பாஸ்டன் நுண்கலை அருங்காட்சியகத்தில் அச்சோவியப் பிரிவு 1887-ஆம் ஆண்டு தொடங்கப்பட்டபோது, அதன் முதல் காப்பாட்சியராகப் பொறுப்பேற்றவர் சில்வெஸ்டர் ரோசா கோஹ்லர். நியூயார்க் மெட்ரோபாலிட்டன் அருங்காட்சியகம் இத்தகைய பிரிவைத் தொடங்கியது 1916-இல்தான். ஒரே தகட்டிலிருந்து பல பிரதிகள் எடுக்கக்கூடிய படத்தைத் தனி ஓவியத்துக்கு நிகராகக் கருதப் பலர் தயங்கிய காலத்தில், அதன் மதிப்பை நிலைநாட்டத் தம் வாழ்நாளைச் செலவிட்டவர் அவர்.

ஜெர்மனியின் லைப்சிக் நகரில் 1837-இல் பிறந்த கோஹ்லர், 1849-இல் அமெரிக்காவுக்குக் குடிபெயர்ந்தார். பாஸ்டனில் வண்ண அச்சுப் படங்களுக்கும் கிறிஸ்துமஸ் வாழ்த்து அட்டைகளுக்கும் பெயர்பெற்ற லூயி பிராங் நிறுவனத்தில் தொழில்நுட்ப மேலாளராகப் பணிபுரிந்தார். கல், மை, காகிதம், அச்சு இயந்திரம் ஆகியவற்றின் நுணுக்கங்களை அவர் கற்றது அந்த அச்சகத்தில்தான்.

தொழில்நுட்பத்தைப் பொதுவாக்கிய மொழிபெயர்ப்பு

அக்காலத்தில் அமெரிக்க ஓவியர்களை ஈர்த்தது ‘எட்சிங்’ எனப்படும் அமிலச் செதுக்கு முறை. மெழுகு கலந்த பூச்சுள்ள செப்புத் தகட்டில் ஊசியால் கோடுகள் வரையப்படும். தகட்டை அமிலத்தில் இட்டால், பூச்சு விலகிய இடங்கள் மட்டும் அரிக்கப்பட்டுப் பள்ளமாகும். அப்பள்ளங்களில் மையை நிரப்பி, ஈரக் காகிதத்தை வைத்து அழுத்தினால் படம் கிடைக்கும்.

இம்முறையை விளக்கிய பிரெஞ்சுக் கலைஞர் மாக்சிம் லலானின் நூலை கோஹ்லர் 1880-இல் ஆங்கிலத்தில் வெளியிட்டார். வெறும் மொழிபெயர்ப்போடு நின்றுவிடாமல், புதிதாகப் பழகுவோருக்கென அறிமுக அத்தியாயம் ஒன்றையும் குறிப்புகளையும் தாமே எழுதிச் சேர்த்தார்.

1879 முதல் 1881 வரை அவர் ஆசிரியராக இருந்த ‘அமெரிக்கன் ஆர்ட் ரிவியூ’ இதழ், அமெரிக்கக் கலைஞர்களின் அசல் எட்சிங் படங்களை வாசகர்களிடம் கொண்டுசேர்த்தது. ஒவ்வொரு கலைஞரின் வாழ்க்கைக் குறிப்பையும் படைப்புகளையும் அதில் பதிவு செய்தார். இதழ் இரண்டே ஆண்டுகளில் நின்றுபோனது. கலைஞர்களுடனான அவரது தொடர்பு நிற்கவில்லை.

பெண் கலைஞர்களுக்குத் தனிக் கண்காட்சி

பொறுப்பேற்ற ஆண்டிலேயே, அமெரிக்கப் பெண் எட்சிங் கலைஞர்களின் படைப்புகளுக்கென்று தனிக் கண்காட்சி பாஸ்டன் அருங்காட்சியகத்தில் நடைபெற்றது. அதில் முக்கிய இடம் பெற்றவர் ஸ்காட்லாந்தில் பிறந்த மேரி நிம்மோ மோரன். 1879-இல்தான் இக்கலையைக் கற்ற அவர், 1881-இல் லண்டனின் எட்சிங் கலைஞர் சங்கத்துக்குத் தேர்வானார். பெயரின் முதலெழுத்தை மட்டும் இட்டு அவர் கையொப்பமிட்டு வந்ததால், படைத்தவர் பெண் என்பது தேர்வாளர்களுக்குத் தெரிந்திருக்கவில்லை என்று கூறப்படுவதுண்டு. அப்படிப்பட்ட சூழலில், பெண்களின் பெயர்களை வெளிப்படையாகவே முன்னிறுத்தியது பாஸ்டன் கண்காட்சி.

வாஷிங்டனில் ஸ்மித்சோனியனின் தேசிய அருங்காட்சியகத்திலும் 1886 முதல் வரைகலைப் பிரிவை கோஹ்லர் கவனித்தார். முடிந்த படங்களை மட்டுமன்றி, அவை உருவாகும் விதத்தையும் மக்கள் காண வேண்டும் என்பது அவரது கொள்கை. ஜப்பானிய நிதி அமைச்சகத்தின் அச்சகத் தலைவர் டோகுனோ வழங்கிய மரச்செதுக்குக் கருவிகளும், அவர் எழுதிய விளக்கமும் அங்கு வந்து சேர்ந்தன. அக்கட்டுரையைக் குறிப்புகளுடன் பதிப்பித்தவர் கோஹ்லரே. புகைப்பட அச்சு முறைகள் மரச்செதுக்குக் கலைஞர்களின் பிழைப்பைப் பறித்துவந்த 1892-இல், பழைய முறைகளையும் புதியவற்றையும் பாஸ்டனில் ஒரே கண்காட்சியில் அவர் வைத்தார்.

இழப்பும் ஈடும்

1897-இல் பெரும் சோதனை வந்தது. பாஸ்டன் அருங்காட்சியகம் பல ஆண்டுகளாகப் பாதுகாத்து வந்த கிரே தொகுப்பு, அதன் உரிமையாளரான ஹார்வர்டு பல்கலைக்கழகத்துக்குத் திரும்பியது. அச்சோவியப் பிரிவின் அடித்தளமாக இருந்த தொகுப்பு அது. அதே ஆண்டில், ஹோட்டல் அதிபர் ஹார்வி பார்க்கர் உயிலில் விட்டுச்சென்ற நிதியைக் கொண்டு, நியூயார்க் சேகரிப்பாளர் ஹென்றி சீவெலின் சுமார் 23,000 அச்சோவியங்கள் வாங்கப்பட்டன. பிரிவு மீண்டும் நிலைபெற்றது. ஜெர்மானியக் கலைஞர் ஆல்பிரெக்ட் டியூரரின் செதுக்குப் படங்களைக் கால வரிசைப்படுத்தி கோஹ்லர் தயாரித்த பட்டியலும் 1897-இல் வெளியானது.

கோஹ்லர் 1900-இல் காலமானார். அதற்குள் எட்சிங் மோகம் தணிந்து, பல கலைஞர்களின் பெயர்கள் மறக்கப்படத் தொடங்கியிருந்தன. அவர் பணியாற்றிய பாஸ்டன் அருங்காட்சியகத்தில்தான் 1917 முதல் ஆனந்த குமாரசுவாமி இந்தியக் கலைப் பிரிவைக் கவனித்தார்.

கலைஞர்களுடன் கோஹ்லர் நடத்திய கடிதப் போக்குவரத்து, ஸ்மித்சோனியனின் அமெரிக்கக் கலை ஆவணக் காப்பகத்தில் பாதுகாக்கப்படுகிறது. அந்தத் தலைமுறைக் கலைஞர்களை, குறிப்பாகப் பெண்களை, மீண்டும் அடையாளம் காண முயலும் ஆய்வாளர்களுக்கு அக்கடிதங்கள் முதன்மைச் சான்றுகளாக விளங்குகின்றன.