தேசபக்தன் கோ. நடேசய்யர்

தேயிலைத் தோட்டத்துக்குள்ள வெளியாள் கால் வைக்கேலாத காலம். புடவை வியாபாரி வேஷத்தில் மூட்டையோடு லயங்களுக்குள் நுழைந்து, அங்கத்தே கூத்தை வெளியில் எழுதினவர் நடேசய்யர். 1887இல் தஞ்சாவூர்ப் பக்கம் பிறந்தவர். கொழும்புக்கு வந்து தேசநேசன் பத்திரிகை நடத்தினார்.

தோட்டத்தில் துண்டு என்றொரு முறை இருந்தது. கங்காணிக்குப் பட்ட கடன் அதில் எழுதியிருக்கும். அதைத் தீர்க்காமல் வேறு தோட்டத்துக்குப் போகேலாது. ஒருகாலத்தில் முசஃபாவில் என்.ஓ.சி. கேட்டுக் கம்பெனி வாசலில் நின்ற எங்கட ஆட்களுக்கு இதை விளங்கப்படுத்தத் தேவையில்லை. 1921இல் சட்டம் துண்டை ஒழித்தது. கடன் ஒழியேல்லை.

முதலில் அய்யர் ஏ. ஈ. குணசிங்கவின் தொழிற்சங்கத்தில்தான் நின்றவர். 1920களின் கடைசியில் பிரிந்தார்கள். பிறகு உலக மந்தம் வந்து வேலை குறைய, குணசிங்க இந்தியத் தொழிலாளரை, முக்கியமாக மலையாளிகளை, வெளியேற்றச் சொல்லிப் பிரசாரம் செய்தார். முன்பு ஒரே சங்கத்தில் நின்ற சனம்! வேலையைத் தின்றது விழுந்துபோன தேயிலை, ரப்பர் விலை. ஏச்சு வாங்கினது கூலிக்காரன்.

அய்யர் 1931இல் தோட்டத் தொழிலாளருக்கென்றே சம்மேளனம் தொடங்கினார். மனைவி மீனாட்சியம்மை கூட்டங்களில் பாடிச் சனம் சேர்த்தார். பாதி வேலை அவவுடையது என்றே நான் சொல்லுவன். 1936இல் அட்டன் தொகுதியில் வென்று அரசாங்க சபைக்குப் போனார். 1939இல் அரசாங்கம் தன் நாட்கூலி வேலையிலிருந்த இந்தியரை நீக்கத் தொடங்க, இந்தியாவும் கூலியாட்களை அனுப்புவதைத் தடை செய்தது.

1947 நவம்பரில் அய்யர் காலமானார். அடுத்த வருடக் குடியுரிமைச் சட்டம் தோட்டத்துச் சனத்தில் பெரும்பகுதியை நாடற்றவராக்கியது. 1964 ஒப்பந்தப்படி 5,25,000 பேரை இந்தியா ஏற்க வேண்டும் என்றானது. கப்பலேறிப் போனவர்கள் இறங்கின மண்டபம் முகாமில்தான், பின்னால் 1983க்குப் பிறகு எங்கட சனமும் போய் இறங்கினது.