நைட் படிச்சது காலையில மறந்துபோச்சா? மறதிக்கே கணக்கு போட்ட எபிங்ஹாஸ் கதை!

நைட் முழுக்கக் கண்விழித்துப் படிக்கிறோம். காலையில் கொஸ்டீன் பேப்பரைப் பார்த்தால் பாதி காணோம். 'எனக்கு ஞாபகசக்தியே இல்லப்பா'ன்னு நம்மை நாமே திட்டிக்கிறோம். வெயிட் பாஸ்... மறதிக்கும் ஒரு கணக்கு இருக்கு. அதை முதன்முதலில் போட்டவர், ஜெர்மனியைச் சேர்ந்த ஹெர்மன் எபிங்ஹாஸ்.

1850-ல் பார்மென் நகரத்தில் பிறந்தவர். பான் பல்கலைக்கழகத்தில் படித்துக்கொண்டிருந்தபோது பிரான்ஸுடன் போர் வெடிக்க, ராணுவத்துக்குப் போனார். திரும்பி வந்து 1873-ல் தத்துவத்தில் டாக்டர் பட்டம் வாங்கினார். பிறகு இங்கிலாந்து, பிரான்ஸ் என்று சுற்றி, டியூஷன் எடுத்துப் பிழைத்தார். பாரீஸின் பழைய புத்தகக் கடை ஒன்றில்தான் அவர் வாழ்க்கையை மாற்றிய புத்தகம் கிடைத்தது என்பார்கள். ஃபெக்னர் என்ற விஞ்ஞானி 1860-ல் எழுதிய அந்தப் புத்தகம், புலன் உணர்வுகளை எண்களால் அளக்க முடியும் என்றது. உணர்வை அளக்கலாம்னா, ஞாபகத்தை ஏன் அளக்கக் கூடாது? எபிங்ஹாஸுக்கு இந்தக் கேள்வி ஒட்டிக்கொண்டது.

அப்போது உளவியல் தனி அறிவியலாகத் தவழ ஆரம்பித்த நேரம். 1879-ல் லைப்சிக் நகரில் வில்ஹெல்ம் வுண்ட் ஆய்வுக்கூடம் தொடங்கியிருந்தார். ஆனால் நினைவு, சிந்தனை போன்ற பெரிய விஷயங்களைச் சோதனை வைத்து ஆராய முடியாது என்பது அவர் கட்சி. எபிங்ஹாஸிடம் ஆய்வுக்கூடமும் இல்லை, வழிகாட்டும் பேராசிரியரும் இல்லை. அவரே விஞ்ஞானி, அவரே சோதனை எலி!

அர்த்தமே இல்லாத அசைகள்

தெரிந்த வார்த்தைகளைப் படித்தால் பழைய நினைவுகள் உதவிக்கு வந்துவிடும், கணக்கு கெட்டுப்போகும். அதனால் அர்த்தமே இல்லாத சுமார் 2,300 அசைகளை உருவாக்கினார். அவற்றைக் கலைத்துப்போட்டு, வரிசையாக எடுத்து, நிமிடத்துக்கு 150 அசை வேகத்தில் சத்தமாகப் படிப்பார். தப்பில்லாமல் சொல்லும்வரை திரும்பத் திரும்ப! 1879-80-ல் செய்ததை, சந்தேகம் தீர 1883-84-ல் மறுபடியும் செய்து பார்த்தார். அந்த நாள்களில் அன்றாட வாழ்க்கையைக்கூடப் பெரிய மாற்றமில்லாமல் பார்த்துக்கொண்டார்.

மறந்ததை மறுபடி மனப்பாடம் செய்யும்போது எவ்வளவு நேரம் மிச்சமாகிறது என்பதுதான் அவருடைய அளவுகோல். 20 நிமிடம் கழித்துப் படித்தால் 58 சதவிகிதம் மிச்சம். ஒரு மணி நேரத்தில் அது 44 ஆனது. ஒரு நாளில் 34. ஆனால் ஒரு மாதம் கழித்தும் 21 சதவிகிதம் இருந்தது! அதாவது, மறதி முதல் ஒரு மணி நேரத்தில்தான் சறுக்குமரத்தில் சறுக்குகிறது. அப்புறம் நிதானமாகிவிடுகிறது.

இன்னொன்றும் கண்டுபிடித்தார். ஒரே மூச்சில் 68 முறை படித்ததன் பலன், மூன்று நாள்களுக்குப் பிரித்து 38 முறை படித்தாலே கிடைத்தது. அர்த்தமுள்ள கவிதையை மனப்பாடம் செய்யவோ, பத்தில் ஒரு பங்கு முயற்சியே போதுமானதாக இருந்தது.

கைநழுவிய நாற்காலி

1885-ல் இதெல்லாம் புத்தகமாக வந்தது. பெயர் கிடைத்தது, பெரிய பதவி கிடைக்கவில்லை. 1894-ல் பெர்லின் பல்கலைக்கழகத்தின் முக்கியமான பேராசிரியர் நாற்காலி கார்ல் ஸ்டும்ஃபுக்குப் போனது. எபிங்ஹாஸ் பிரெஸ்லவ் நகரத்துக்குக் கிளம்பினார். அங்கேயும் சும்மா இருக்கவில்லை. பள்ளி நேரத்தில் பிள்ளைகள் எப்படிக் களைத்துப்போகிறார்கள் என்று பார்க்க, வார்த்தைகள் விடுபட்ட பத்தியைக் கொடுத்து நிரப்பச் சொன்னார். ஆமாம்... நம்ம 'கோடிட்ட இடங்களை நிரப்புக' மாதிரியேதான்! மனத்திறனை அளக்க அவர் கொண்டுவந்த இந்த முறை, பின்னாளில் நுண்ணறிவுச் சோதனைகளுக்குள்ளும் புகுந்தது.

1902-ல் எழுதிய பெரிய பாடநூலை, மறைந்த ஃபெக்னருக்கே காணிக்கையாக்கினார். 1909-ல் நிமோனியா தாக்கி, ஹாலே நகரில் 59 வயதில் இறந்துபோனார்.

ஒரே ஒரு ஆளை வைத்துச் செய்த சோதனையை நம்பலாமா? 2015-ல் ஆம்ஸ்டர்டாம் ஆய்வாளர்கள் அதே சோதனையைத் திரும்பச் செய்தார்கள். கிட்டத்தட்ட அதே வளைகோடுதான் வந்தது!

அதனால, அடுத்த எக்ஸாமுக்கு ஒரே நைட்டில் எல்லாத்தையும் திணிக்காதீங்க. இன்னிக்குக் கொஞ்சம், நாளைக்குக் கொஞ்சம், நாளை மறுநாள் இன்னொரு ரவுண்டு. மறந்த மாதிரி இருந்தாலும் மொத்தமா எதுவும் போய்விடுவதில்லை. மறுபடி புத்தகத்தைத் திறந்து பாருங்க, மிச்சம் இருக்கும்!